“வசதி வந்ததும் சொல்கிறோம்” என்ற பதில் குறித்து

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகளின் கல்வியுரிமை பற்றி உலக நாடுகள் கூடிப் பேசும் செய்திகளைத் தங்கள் நாளிதழ் அவ்வப்போது வெளியிட்டு வருகிறது. அவற்றை விடாமல் படிக்கும் வாசகர்களில் நானும் ஒருவர். இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சிறப்பாசிரியர் பணியில் இருக்கிறேன். முதல் பாதி சிறப்புப் பள்ளியிலும் பின்பாதி பொதுப் பள்ளிகளிலும் கழிந்தது. மாநாடுகள், பிரகடனங்கள், புள்ளிவிவரங்கள் எல்லாம் செய்தியில் வந்துவிடுகின்றன. ஆனால் ஒரு குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளி அலுவலகத்தில் நிற்கும் பெற்றோருக்கு அந்த நிமிடமே பயன்படக்கூடிய ஒரு செய்தி மட்டும் பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். குழந்தைக்குத் தேவையான சிறு மாற்றங்களைச் செய்துதர மறுப்பதைப் பன்னாட்டுச் சட்டம் பாகுபாடு என்றே சொல்கிறது. நிதி வரட்டும், வசதி வரட்டும் என்று தள்ளிப்போடக்கூடிய நலத்திட்டங்களின் வரிசையில் அது அதை வைக்கவில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு சிறுமிக்கு வயது ஒன்பது. பெருமூளை வாதத்தால் கைகால்கள் அவள் நினைத்தபடி அசைவதில்லை; பேச்சும் வராது. சக்கர நாற்காலியின் முன்னால் பொருத்திய தட்டில் ஒரு தொடர்பு அட்டை இருக்கும். படங்களும் எழுத்துகளும் எண்களும் அதில் கட்டம் கட்டமாக ஒட்டப்பட்டிருக்கும். கேள்வி கேட்டதும் முதலில் அவளுடைய கண்கள் விடை இருக்கும் கட்டத்துக்குப் போய் நிற்கும். அதன் பிறகுதான் வலக்கை எழும்பும். ஒருமுறை தட்டின் விளிம்பில் இடித்துக்கொள்ளும், தாழும், மறுபடி எழும்பும், கடைசியில் மடங்கிய விரல்களின் ஓரம் அந்தக் கட்டத்தின் மேல் வந்து அமரும். கடிகாரத்தைப் பார்த்துக் கணக்கிட்டிருக்கிறேன்: ஒரு கட்டத்தைத் தொட ஏறக்குறைய இருபது வினாடிகள். ஏழெட்டு எவ்வளவு என்று கேட்டால் ஐந்தையும் ஆறையும் அடுத்தடுத்துத் தொட வேண்டும் என்பதால் நாற்பது வினாடிகள் ஆகும். வாய்ப்பாடு அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. விடை கண்ணில் முன்பே வந்துவிடுகிறது. கைதான் பின்னால் வருகிறது.

வகுப்பில் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு நாம் எவ்வளவு நேரம் காத்திருக்கிறோம் என்று ஆசிரியர்கள் யோசித்துப் பார்க்கலாம். ஒன்றிரண்டு வினாடிகளில் அடுத்த பிள்ளையிடம் போய்விடுகிறோம். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் இருந்தேன். இந்தக் குழந்தைதான் எனக்குக் காத்திருக்கக் கற்றுக்கொடுத்தாள்.

அவளைச் சேர்ப்பதற்காக அவளுடைய தாயார் ஒரு பள்ளிக்குப் போனபோது நானும் உடன் சென்றேன். யாரும் கடுமையாகப் பேசவில்லை. உள்ளே அழைத்து உட்காரவைத்தார்கள், அக்கறையாக விசாரித்தார்கள். பிறகு, “எங்களிடம் அதற்கான வசதி இல்லைங்க. குழந்தையோட நன்மைக்காகத்தான் சொல்றோம். வசதி வந்ததும் நாங்களே சொல்லி அனுப்புறோம்” என்றார்கள். வெளியே வந்ததும் அந்தத் தாயார் என்னிடம் கேட்டார்: “என்ன வசதி வேணும்னு அவங்க நம்மகிட்ட கேக்கவே இல்லையே, டீச்சர்?”

அந்தக் கேள்வி என் மனத்தை விட்டு அகலவில்லை. அவளுக்குத் தேவைப்பட்டவை தரைத்தளத்தில் ஒரு வகுப்பறை, சக்கர நாற்காலி உள்ளே நுழையும் உயரத்தில் ஒரு மேசை, அட்டையைப் படிக்கத் தெரிந்த ஒரு பெரியவர், அந்த இருபது வினாடிகள் ஆகியவைதான். இவற்றில் எது அந்தப் பள்ளியில் இல்லை என்பது யாருக்கும் தெரியாது, ஏனெனில் எது தேவை என்ற பேச்சே அங்கே எழவில்லை.

பள்ளிகள் இப்படித் திருப்பி அனுப்புவது புதிதல்ல. காரணம்தான் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. அமெரிக்காவைச் சேர்ந்த ஜூடி ஹியூமன் 1947இல் பிறந்தவர். ஒன்றரை வயதில் போலியோ தாக்கி நடக்க முடியாமல் போனது. நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஐந்து வயதில் பள்ளியில் சேர்க்கச் சென்றபோது, தீ விபத்து நேர்ந்தால் அவருடைய சக்கர நாற்காலி ஆபத்தாகும் என்று காரணம் சொல்லி மறுத்துவிட்டார்கள். தாயாரின் விடாப்பிடியான போராட்டத்தால் சில ஆண்டுகள் தாமதமாகவே பள்ளிக்குள் நுழைய முடிந்தது. வளர்ந்து ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பித்தபோதும் அதே தீயைக் காட்டி அவருக்கு உரிமம் மறுக்கப்பட்டது. 1970இல் கல்வி வாரியத்தின் மீது வழக்குத் தொடுத்து அந்த உரிமத்தைப் பெற்றார். 1977இல் சான்ஃபிரான்சிஸ்கோவில், மாற்றுத்திறனாளிகளுக்கு எதிரான பாகுபாட்டைத் தடுக்கும் விதிகளில் அரசு கையெழுத்திட வேண்டும் என்று கோரி, மூன்று வாரங்களுக்கும் மேலாக அரசுக் கட்டடத்தை விட்டு நகராமல் அமர்ந்திருந்த போராட்டத்தின் தலைவர்களில் அவரும் ஒருவர். பின்னர் உலக வங்கியிலும் அமெரிக்க வெளியுறவுத் துறையிலும் மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான ஆலோசகராகப் பணியாற்றி, ஒரு நாட்டுக்குள் நடந்த போராட்டத்தைப் பல நாடுகளுக்கு எடுத்துச் சென்றார். 2023 மார்ச்சில் மறைந்தார்.

அவரைத் தடுத்தவர்கள் “ஆபத்து” என்றார்கள். இந்தச் சிறுமியைத் தடுத்தவர்கள் “நன்மை” என்றார்கள். இரண்டாவதை எதிர்ப்பதே கடினம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆபத்து என்று சொன்னவரிடம் வாதாடலாம். நன்மை என்று சொல்பவருக்கு நன்றி சொல்லிவிட்டுப் பெற்றோர் எழுந்து வந்துவிடுகிறார்கள்.

சட்டங்களின் கதையிலும் இதே நயமான தயக்கத்தைப் பார்க்க முடிகிறது. 1989 நவம்பர் 20 அன்று ஐ.நா. பொதுச்சபை ஏற்ற குழந்தை உரிமைகளுக்கான உடன்படிக்கை, பாகுபாடு காட்டக்கூடாத காரணங்களின் பட்டியலில் உடற்குறைபாட்டையும் பெயர் சொல்லிச் சேர்த்தது. அதற்கு முந்தைய மனித உரிமை உடன்படிக்கைகளின் பட்டியல்களில் அந்தச் சொல் இருக்கவில்லை. அவ்வகையில் அது பெரிய முன்னேற்றம். ஆனால் மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகளுக்கென்றே எழுதப்பட்ட அதன் 23ஆவது பிரிவைப் படித்தால், அவர்களுக்கான உதவி “இருக்கும் நிதிவளத்துக்கு உட்பட்டு” என்று வருகிறது; முடியும்போதெல்லாம் அதை இலவசமாகத் தர வேண்டும் என்று வருகிறது. உரிமையை ஒரு கையால் கொடுத்து, மறு கையால் அதற்கு ஒரு காத்திருப்போர் பட்டியலையும் கொடுத்தது போன்றது அது.

1994 ஜூனில் ஸ்பெயினின் சலமான்கா நகரில் 92 அரசுகளும் 25 பன்னாட்டு அமைப்புகளும் கூடி வெளியிட்ட பிரகடனம் ஒரு படி மேலே சென்றது. குழந்தைகளின் உடல், அறிவு, மொழி, சமூக நிலை எதுவாக இருந்தாலும் பொதுப் பள்ளிகள் எல்லோரையும் ஏற்க வேண்டும், பள்ளிதான் குழந்தைக்கேற்ப மாற வேண்டும் என்றது. என் போன்றவர்கள் பயிற்சிக் காலத்தில் மனப்பாடம் செய்த வாசகங்கள் அவை. எனினும் பிரகடனத்தை மீறினால் கேட்பதற்கு யாரும் இல்லை.

அந்தக் குறையைத் தீர்த்தது 2006 டிசம்பர் 13 அன்று நிறைவேறிய மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான உடன்படிக்கை. கையெழுத்துக்குத் திறந்த முதல் நாளான 2007 மார்ச் 30 அன்றே 82 நாடுகள் ஒப்பமிட்டன. 2008 மே 3 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. “எங்களை விட்டுவிட்டு எங்களைப் பற்றி எதுவும் வேண்டாம்” என்ற முழக்கத்துடன், பார்வையற்றோரும் காது கேளாதோரும் சக்கர நாற்காலியில் வந்தோரும் மனநலச் சிகிச்சையில் இருந்தோரும் பேச்சுவார்த்தை அரங்குக்குள்ளேயே உட்கார்ந்து, வரைவின் ஒவ்வொரு சொல்லுக்காகவும் வாதாடினார்கள். உடன்படிக்கையின் தரம் அதனால்தான் வேறுபட்டது என்பது என் உறுதியான எண்ணம். அருகில் இருந்து பார்த்து அனுதாபப்படுபவருக்கு ஒருபோதும் தோன்றாத சொற்கள் அதில் இருக்கின்றன. “தகவல்தொடர்பு” என்பதற்கு அது தரும் வரையறையில் பேச்சு மொழியோடு சைகை மொழி, பிரெய்ல், தொட்டறியும் முறைகள் ஆகியவற்றுக்கும், பேச்சுக்குத் துணையாகவும் மாற்றாகவும் அமையும் வழிகளுக்கும் இடம் இருக்கிறது. அந்தச் சிறுமியின் தட்டிலுள்ள அட்டைக்கு உலகச் சட்டத்தில் இடம் இருக்கிறது. 7ஆவது பிரிவு இன்னும் ஒரு படி போய், இக்குழந்தைகள் தங்கள் கருத்தைச் சொல்ல உரிமையுள்ளவர்கள் என்பதோடு, அப்படிச் சொல்வதற்கு அவர்களுடைய குறைபாட்டுக்கும் வயதுக்கும் ஏற்ற உதவியைப் பெறவும் உரிமையுள்ளவர்கள் என்கிறது. இருபது வினாடி காத்திருப்பது ஆசிரியரின் பெருந்தன்மை என்று நான் நினைத்திருந்த காலம் உண்டு. அந்தப் பிரிவைப் படித்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை.

கல்விக்கான 24ஆவது பிரிவு உருவான விதத்தையும் இங்கே சொல்ல வேண்டும், ஏனெனில் உள்ளடக்கிய கல்வி என்றாலே எல்லாக் குழந்தைகளையும் ஒரே அறையில் உட்காரவைப்பது என்று பலர் எளிமையாகப் புரிந்துகொள்கிறார்கள். 1880இல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய காதுகேளாதோர் கல்வி மாநாடு, சைகை மொழியை வகுப்பிலிருந்து விலக்கி வாய்ப்பேச்சு முறையையே கைக்கொள்ள வேண்டும் என்று தீர்மானித்தது. காது கேட்பவர்கள் பெரும்பான்மையாக இருந்து எடுத்த முடிவு அது. அதன் பிறகு பல தலைமுறைக் குழந்தைகள் பல நாடுகளில், தங்களுக்கு இயல்பாக வரும் மொழியை மறைத்துவைத்து, கேட்காத மொழியை உதடு பார்த்துப் படிக்க வேண்டியிருந்தது. அந்தத் தீர்மானத்துக்கு வருத்தம் தெரிவிக்கவே 2010 ஆகிவிட்டது. அந்த ஆண்டு கனடாவின் வான்கூவரில் நடந்த காதுகேளாதோர் கல்வி மாநாட்டில்தான் அது நடந்தது. இந்த வரலாற்றைச் சுமந்து வந்த காதுகேளாதோர் அமைப்புகள், எங்கள் பிள்ளைகளைச் சைகை மொழி தெரியாத வகுப்பில் தனியாக உட்காரவைப்பதற்குச் சேர்த்துக்கொள்ளுதல் என்று பெயரிடாதீர்கள் என்று உறுதியாக வாதாடின. அதனால்தான் 24ஆவது பிரிவில் சைகை மொழியைக் கற்க வழிசெய்வதும், பார்வையற்ற, காதுகேளாத, அவ்விரண்டும் உள்ள குழந்தைகளுக்கு அவரவர்க்கு உகந்த மொழியிலும் முறையிலும், கல்வியும் சமூகப் பழக்கமும் முழுமையாக வளரும் சூழலில் பாடம் கிடைப்பதை உறுதிசெய்வதும் தனியாக எழுதப்பட்டன. சைகை மொழியோ பிரெய்லோ தெரிந்த ஆசிரியர்களை, மாற்றுத்திறன் கொண்ட ஆசிரியர்களையும் சேர்த்து, பணியில் அமர்த்த வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. 1970இல் ஹியூமன் நீதிமன்றப் படியேறிக் கேட்டது இதைத்தான்.

சிறப்புப் பள்ளியில் பத்தாண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவர் என்ற முறையில், அங்கிருக்கும் ஆசிரியர்களைக் குறைத்துச் சொல்ல என் மனம் ஒப்பாது. அவர்களுடைய கைத்திறன்தான் பொதுப் பள்ளிகளுக்கு இன்று மிகவும் தேவைப்படுகிறது. பெயரைச் சேர்த்துக்கொண்டு, கடைசி வரிசையில் உட்காரவைத்து, பாடத்தில் எதையும் மாற்றாமல் விட்டுவிடும் பொதுப் பள்ளிகளையும் பார்த்திருக்கிறேன். உடன்படிக்கையைக் கண்காணிக்கும் ஐ.நா. குழு 2016இல் வெளியிட்ட நான்காவது பொதுக் கருத்துரை இதைத் தெளிவாகவே பிரித்துக் காட்டுகிறது. குழந்தையைப் பள்ளிக்கே விடாதது விலக்குதல். தனி இடத்தில் வைப்பது பிரித்தல். எதையும் மாற்றாத பள்ளிக்குள் கொண்டுபோய் வைத்து, நீதான் பழகிக்கொள்ள வேண்டும் என்பது வெறும் இணைத்தல். பாடமும் முறையும் கட்டடமும் மனப்பாங்கும் குழந்தைக்காக மாறும்போதுதான் அது உள்ளடக்குதல். மூன்றாவதைச் செய்துவிட்டு நான்காவதைச் செய்துவிட்டதாக அறிக்கை அனுப்புவது மிக எளிது.

இனி நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். உடன்படிக்கையில் இரண்டு கடமைகள் இருக்கின்றன. பேச்சிலும் செய்தியிலும் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. முதலாவது அணுகல்தன்மை. சாய்தளம், மின்தூக்கி, பிரெய்ல் பாடநூல், சைகை மொழிபெயர்ப்பாளர் என்று, யார் வரப்போகிறார்கள் என்று தெரிவதற்கு முன்பே, எல்லோருக்குமாகப் பொதுவில் செய்துவைக்க வேண்டியவை இவை. இதற்குக் காலமும் பணமும் தேவை என்பதை உடன்படிக்கையே ஏற்கிறது. திட்டமிட்டுப் படிப்படியாகச் செய்ய அரசுகளுக்கு இடம் தருகிறது. இரண்டாவது, குறிப்பிட்ட ஒரு குழந்தை வந்து நின்று கேட்கும்போது, அந்தக் குழந்தைக்காகச் செய்ய வேண்டிய மாற்றம். சிலர் இதைத் தமிழில் “நியாயமான இடவசதி” என்று எழுதுகிறார்கள். தங்குமிடத்தைக் குறிப்பதுபோல் ஒலித்துப் பொருளைக் கெடுக்கிறது என்பதால், “நியாயமான தகவமைப்பு” என்ற சொல்லைத் தங்கள் நாளிதழ் கையாளலாம் என்று கேட்டுக்கொள்கிறேன். வகுப்பை மாடியிலிருந்து கீழே மாற்றுவது, தேர்வில் கூடுதல் நேரம் தருவது, சொல்வதை எழுத ஒருவரை அமர்த்துவது, இரைச்சலைத் தாங்க முடியாத ஆட்டிசக் குழந்தைக்கு ஒரு மூலையில் அமைதியான இடம் ஒதுக்குவது, காத்திருப்பது எல்லாம் இதில் அடங்கும்.

இந்த இரண்டாவது கடமைக்குப் படிப்படி என்பது கிடையாது. கேட்ட அந்தக் கணத்திலிருந்தே அது பள்ளியைக் கட்டுப்படுத்துகிறது. அதை மறுப்பது பாகுபாட்டின் ஒரு வடிவம் என்று உடன்படிக்கையின் 2ஆவது பிரிவே சொல்கிறது. மறுப்பதற்கு ஒரே ஒரு வழிதான் இருக்கிறது: அந்த மாற்றம் தன்னால் தாங்க முடியாத, அளவுக்கு மீறிய சுமை என்று காட்ட வேண்டும். அதைக் காட்ட வேண்டிய பொறுப்பு மறுப்பவருடையது. ஆக, “வசதி இல்லை” என்று பள்ளி சொல்லும்போது, உண்மையில் அது முதல் கடமையைக் காட்டி இரண்டாவதிலிருந்து நழுவுகிறது. மின்தூக்கி இல்லை என்பது உண்மையாக இருக்கலாம். ஆனால் மின்தூக்கி இல்லாத பள்ளியில் ஒரு வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்ற முடியாதா என்பது வேறொரு கேள்வி. அதற்கு அன்றைக்கே பதில் சொல்லியாக வேண்டும்.

இதை எழுதும்போது, ஐம்பது அறுபது பிள்ளைகள் நிறைந்த வகுப்பில் தனியாகத் திண்டாடும் ஆசிரியர்களை நான் மறக்கவில்லை. உதவிக்கு ஆள் இல்லாமல், பயிற்சியும் இல்லாமல், இதையும் நீயே பார்த்துக்கொள் என்று அவர்கள் தலையில் கட்டுவது அநியாயம்தான். ஆனால் அந்த அநியாயத்தைச் செய்வது நிர்வாகமும் அரசும். அதன் விலையைக் கொடுப்பதற்கு ஒன்பது வயதுப் பிள்ளையை அனுப்பக்கூடாது.

மேல்முறையீட்டுக்கு உலக அளவில் வழி இருக்கிறதா என்று பெற்றோர் கேட்பதுண்டு. இருக்கிறது, ஆனால் குறுகலானது. உடன்படிக்கையோடு இணைந்த விருப்ப நெறிமுறையை ஏற்ற நாடுகளில், உள்நாட்டு நீதிமன்றங்களில் தீர்வு கிடைக்காதபோது தனிநபர் ஐ.நா. குழுவிடம் முறையிடலாம். டவுன் சிண்ட்ரோம் உள்ள ஒரு சிறுவனைப் பொதுப் பள்ளியிலிருந்து எடுத்துச் சிறப்புக் கல்வி மையத்துக்கு அனுப்பும்படி ஸ்பெயின் அதிகாரிகள் உத்தரவிட்டார்கள். பெற்றோர் மறுத்தார்கள், மகனுக்குச் செய்ய வேண்டிய கடமையில் தவறியதாக அந்தப் பெற்றோர் மீதே குற்ற வழக்கு வந்தது. இறுதியில் 2020இல் ஐ.நா. குழு, ஸ்பெயின் அவருடைய உள்ளடக்கிய கல்வியுரிமையை மீறிவிட்டது என்று முடிவு சொன்னது. உலகெங்கும் மேற்கோள் காட்டத்தக்க வெற்றி அது. ஆனால் முடிவு வந்தபோது அந்தச் சிறுவன் இளைஞராகிவிட்டார். பள்ளி வயது அவருக்குத் திரும்பக் கிடைக்கப்போவதில்லை. குழந்தையின் உரிமையில் தாமதம் என்பது ஏறக்குறைய முழு இழப்பு என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்குத் தெரியவில்லை.

பெரிய நாடுகளின் தயக்கத்தையும் மறைக்க வேண்டியதில்லை. பிரிட்டன் உடன்படிக்கையை ஏற்றபோதே 24ஆவது பிரிவுக்கு ஒரு விலக்கைப் பதிவுசெய்துகொண்டது. அமெரிக்கா 2009இல் கையெழுத்திட்டது. 2012 டிசம்பர் 4 அன்று செனட் சபையில் ஒப்புதலுக்கு வந்தபோது 61க்கு 38 என்று வாக்குகள் விழுந்தும், மூன்றில் இரண்டு பங்கு இல்லாததால் தோற்றது. இரண்டாம் உலகப் போரில் காயமடைந்து வலக்கை செயலிழந்த முன்னாள் செனட்டர் பாப் டோல், 89 வயதில், சக்கர நாற்காலியில் அவைக்கு வந்திருந்தார். அவருடைய பழைய சகாக்கள் அருகில் வந்து கைகுலுக்கினார்கள். அவர்களில் பலர் பிறகு எதிர்த்து வாக்களித்தார்கள். ஹியூமன் போராடி வென்ற நாட்டிலேயே இது நடந்தது.

எண்ணிக்கையைப் பற்றியும் ஒரு சொல். யுனிசெஃப் 2021 நவம்பரில் வெளியிட்ட அறிக்கை, உலகில் ஏறக்குறைய 24 கோடிக் குழந்தைகள், அதாவது பத்தில் ஒருவர், ஏதேனும் ஒரு குறைபாட்டுடன் வாழ்கிறார்கள் என்றது. அவர்கள் ஒருநாளும் பள்ளிக்கே போகாதிருக்கும் வாய்ப்பு மற்றக் குழந்தைகளைவிட 49 விழுக்காடு அதிகம்; அடிப்படை வாசிப்பும் கணக்கும் கைவரும் வாய்ப்பு 42 விழுக்காடு குறைவு. இந்தக் கணக்கு கிடைத்ததற்கே கேள்வி கேட்கும் முறை மாறியதுதான் காரணம். முன்பெல்லாம் கணக்கெடுப்பவர் வீட்டு வாசலில் நின்று “வீட்டில் ஊனமுற்றவர் உண்டா?” என்று கேட்பார், அச்சமோ கூச்சமோ காரணமாக “இல்லை” என்ற பதில்தான் வரும். வாஷிங்டன் குழு என்ற புள்ளியியல் குழுவும் யுனிசெஃபும் சேர்ந்து உருவாக்கிய வினாத்தாளில் அந்தச் சொல்லே இடம்பெறாது. நடப்பதில், பார்ப்பதில், பேசினால் பிறருக்குப் புரிவதில், கற்பதில் குழந்தைக்குச் சிரமம் உண்டா என்று கேட்டு, சிரமம் இல்லை, கொஞ்சம் சிரமம், மிகுந்த சிரமம், முடியவே முடியாது என்ற நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். தாய்மார்கள் இதற்குத் தயங்காமல் பதில் சொல்கிறார்கள். கேள்வியைச் சற்று மாற்றியதும், இதுவரை கணக்கில் வராத குழந்தைகள் கணக்குக்குள் வந்தார்கள். சேர்க்கைக்கு வரும் பெற்றோரிடமும் பள்ளிகள் இதேபோல் கேட்கலாமே என்பது என் ஆதங்கம்.

பன்னாட்டு முயற்சியால் என்ன பயன் என்று சலிப்போடு கேட்பவர்களுக்கு மராகேஷ் ஒப்பந்தத்தைச் சுட்டிக்காட்ட விரும்புகிறேன். பார்வையற்றோர் படிக்கக்கூடிய வடிவில் வெளிவரும் நூல்கள் மிகச் சொற்பம். ஒரு நாட்டில் அப்படி மாற்றிய நூலை மற்றொரு நாட்டுக்கு அனுப்பப் பதிப்புரிமைச் சட்டம் குறுக்கே நின்றது. உலகப் பார்வையற்றோர் ஒன்றியம் இதை நூல் பஞ்சம் என்று பெயரிட்டு ஆண்டுக்கணக்கில் வாதாடியது. 2013 ஜூன் 27 அன்று மொராக்கோவின் மராகேஷ் நகரில் ஒப்பந்தம் உருவானது. இந்தியா முதல் நாடாக அதை ஏற்றது. இருபதாவது நாடாகக் கனடா சேர்ந்ததையடுத்து 2016 செப்டம்பர் 30 அன்று நடைமுறைக்கு வந்தது. கோரிக்கை துல்லியமாக இருந்தது, தடை எது என்பது தெளிவாக இருந்தது, அதனால் நகர்ந்தது. 2025 ஏப்ரலில் பெர்லினில் நடந்த உலக மாநாட்டில், வளர்ச்சித் திட்டங்களில் குறைந்தது 15 விழுக்காடாவது மாற்றுத்திறனாளிகளை உள்ளடக்குவதை நோக்கமாகக் கொள்ள வேண்டும் என்று ஓர் இலக்கு வைத்தார்கள். வரவேற்கிறேன். ஆனால் பள்ளி அலுவலக மேசைக்கு அது வந்து சேர இன்னும் எத்தனையோ படிகள் இருக்கின்றன.

ஆகவே என் கோரிக்கையையும் துல்லியமாகவே வைக்கிறேன். மாற்றுத்திறன் கொண்ட குழந்தைக்கு இடமோ தகவமைப்போ மறுக்கும் எந்தப் பள்ளியும், எந்த நாட்டிலானாலும், அந்த மறுப்பை எழுத்தில் தர வேண்டும் என்று விதி வர வேண்டும். அந்தத் தாளில் பெற்றோர் என்ன கேட்டார்கள், பள்ளி எதைச் செய்துபார்த்தது, எது தாங்க முடியாத சுமை, ஏன் என்பவை இருக்க வேண்டும். தேதியும் கையெழுத்தும் இருக்க வேண்டும். மேல்முறையீட்டை மாதக்கணக்கில் இழுக்காமல் நாள்கணக்கில் முடிக்க வேண்டும். வாய்வார்த்தையாகச் சொல்லும் நயமான மறுப்பை எந்தக் கணக்கெடுப்பும் பிடிப்பதில்லை, எந்த ஐ.நா. குழுவும் விசாரிப்பதில்லை. நாடுகள் அந்தக் குழுவுக்கு அனுப்பும் காலமுறை அறிக்கைகளில் எத்தனை குழந்தைகள் சேர்ந்தார்கள் என்பதோடு, எத்தனை பேருக்கு எழுத்தில் மறுக்கப்பட்டது என்ற எண்ணும் இடம்பெற வேண்டும். உரிமைக்காகக் குரல்கொடுக்கும் பன்னாட்டு அமைப்புகள் இதை வலியுறுத்த வேண்டும்.

தங்கள் நாளிதழிடமும் ஒன்று கேட்கிறேன். மாற்றுத்திறனாளிகள் நாளான டிசம்பர் 3 அன்று பரிசளிப்புப் படங்களோடு, “நியாயமான தகவமைப்பு” என்றால் என்ன, அதை யாரிடம் எப்படிக் கேட்பது என்பதைப் பெற்றோருக்குப் புரியும் மொழியில் ஒரு பத்தியாவது வெளியிடுங்கள். அடுத்த முறை அந்தத் தாயாரோடு ஒரு பள்ளிக்குப் போகும்போது, நான் பேசுவதற்கு முன்பு அந்தப் பத்தியை அவரே எடுத்து மேசைமேல் வைக்கட்டும்.

இப்படிக்கு,
சிறப்பாசிரியர் ஒருவர்